இடப்பக்கம் இழுக்கும் வண்டி

திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் இருக்கும் எங்கள் வீல் அலைன்மென்ட் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு ஒரே புகார்தான். "இடப்பக்கமா இழுக்கு அண்ணாச்சி" என்பார் மார்த்தாண்டத்து டாக்ஸிக்காரர். அதையே பட்டத்திலிருந்து வரும் வங்கி அதிகாரி மலையாளத்தில் சொல்வார். ஸ்டியரிங்கை ஒரு நிமிடம் தளர்த்திப் பிடித்தால் போதும், வண்டி ஓரத்தைப் பார்த்து நகர்கிறது.

இதற்கு வண்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு ஓரத்தையும் சரித்துத்தான் போடுவார்கள். இரண்டு பருவமழையும் கொட்டுகிற இந்த ஊரில் அந்தச் சரிவு இல்லாவிட்டால் ரோடே இருக்காது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், சரிவும் இடப்பக்கம்தான். அதனால் முன்சக்கரங்களின் கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்து நிற்கும் கோணத்தை, இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசத்தில் வைத்து அந்த இழுப்பைச் சமன் செய்து அனுப்புவோம். எங்கள் பிழைப்பே வண்டியை நேராகப் போகவைப்பதுதான்.

அப்படி இருக்க, வண்டி இடப்பக்கம் இழுத்தே ஆகவேண்டும் என்று லட்சக்கணக்கில் செலவழிக்கிற ஒரு கூட்டம் அமெரிக்காவில் உண்டு. ஸ்டாக் கார் பந்தயக்காரர்கள். முட்டை வடிவப் பாதையில், கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில், தொடக்கம் முதல் முடிவு வரை இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடுகிற பந்தயம் அது. 'இதில் என்ன இருக்கிறது, சுற்றிச் சுற்றி வருவதற்கு ஒரு பந்தயமா?' என்று கேட்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன், நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அங்கே போய் ஓட்டுகிறவரைக்கும்.

நரேன் என்றதும் ஃபார்முலா ஒன் நினைவுக்கு வரும். 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, அந்தப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிவிட்டு, ஏ1 அணிப் பந்தயங்களில் இந்தியாவுக்காக வென்றுவிட்டு, 2010-இல் நரேன் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் பிக்கப் டிரக் பந்தயத் தொடரில் சேர்ந்தார். அணியின் பெயர் வைலர் ரேசிங், வண்டி எண் 60, ஷெவ்ரலே. முதல் பந்தயம் 2010 மார்ச் 27 சனிக்கிழமை, வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் பாதையில். 13-ஆவதாக முடித்தார். இந்தியாவில் பிறந்தவர்களில் நாஸ்கார் பந்தயம் ஓட்டிய முதல் ஆள் அவர். அந்த ஆண்டு முடிவில் ரசிகர்கள் வாக்களித்து, அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் என்ற பட்டத்தையும் அவருக்கே கொடுத்தார்கள்.

13-ஆம் இடம் என்றால் நம் செய்தித்தாளில் நாலு வரிதான். எனக்கு அந்த நாலு வரிக்குள் அடங்காத கேள்வி ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுவதும் இரண்டு பக்கமும் திரும்பும் லேசான வண்டிகளை ஓட்டிய ஒருவர், ஒன்றரை டன் எடையுள்ள, ஒரு பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த வண்டியில் ஏறி, கொஞ்ச நேரப் பயிற்சியில் அதைப் பழக்கி, தகுதிச் சுற்றில் இடம் பிடித்து, பந்தயத்தையும் கீறல் அதிகமில்லாமல் முடித்தது எப்படி? அதைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, பந்தயத்தைவிடப் பயிற்சியும் தகுதிச் சுற்றும்தான் எங்கள் தொழில்காரர்களுக்கு உரிய கதை என்று.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின்ஸ்வில் நாஸ்காரின் மிகப் பழைய பாதைகளில் ஒன்று, 1947-இலிருந்து இருக்கிறது. ஒரு சுற்று 0.526 மைல்தான், நம் கணக்கில் சுமார் 846 மீட்டர். இரண்டு நீண்ட நேர்ப்பகுதி, இரு முனையிலும் இறுக்கமான வளைவு. நேர்ப்பகுதி தார், வளைவு கான்கிரீட். வளைவுகளின் சரிவு 12 பாகை. நரேன் ஓடிய பந்தயம் 250 சுற்று. கூட்டிப் பார்த்தால் 211 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளம் போகிற தூரம். அதை ஒரு பள்ளிக்கூட மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்துக்குள்ளேயே ஓடித் தீர்க்க வேண்டும். அந்தத் தொடரில் 36 வண்டிகள் வரை களமிறங்கும். வரிசையாக நிறுத்தினால் ஒரு வண்டிக்கு இருபத்துமூன்று மீட்டர்தான் கிடைக்கும். அதில் வண்டியே ஐந்து மீட்டர்.

வளைவுச் சரிவு என்பது என்ன என்று நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அமெரிக்கா போக வேண்டாம். காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி வளாகத்தில் சைக்கிள் வெலோட்ரோம் இருக்கிறது. கான்கிரீட்டில் முட்டை வடிவமாகக் கட்டி, வளைவுகளைச் சரித்து வைத்திருப்பார்கள். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின்போது நம் ஊர்க்காரர்கள் பலர் அங்கே போய் வாயைப் பிளந்து நின்றார்கள். அங்கும் ஓட்டம் இடப்பக்கமாகத்தான். சமதளத்தில் திரும்பும்போது வண்டியை உள்நோக்கிப் பிடித்துக்கொள்வது டயரின் பிடி ஒன்றே. தளத்தைச் சரித்துவிட்டால் தரையே வண்டியை உள்ளே தள்ளிக்கொடுக்கும். சரிவு கூடக் கூட வேகமும் கூடும். அலபாமாவில் டல்லடீகா என்ற பாதையில் சரிவு 33 பாகை. அதன்மேல் நடந்து ஏறுவதே பாடு. மார்ட்டின்ஸ்வில்லின் 12 பாகை அத்தனை உதவி செய்யாது. அங்கே நேர்ப்பகுதி முடிவில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டிப் போகிறவன் வளைவில் 100-ஐ ஒட்டி இறங்கியாக வேண்டும். சுற்றுக்கு இரண்டு தடவை, பந்தயத்தில் ஐந்நூறு தடவை பிரேக். இரவில் பார்த்தால் டிஸ்க் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறத்தில் இருக்கும்.

இனி வண்டி. ஸ்டாக் கார் என்றால் ஆதியில் கடையில் விற்கிற அதே கார். நாஸ்கார் 1948-இல் தொடங்கியது. கடைக் கார்களை மாற்றம் செய்யாமல் ஓட்டும் முதல் பந்தயம் 1949 ஜூன் 19-இல் ஷார்லட் நகரில் நடந்தது. கோட்டை முதலில் தாண்டியவர் கிளென் டனவே. ஆனால் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பந்தயம் முடிந்து வண்டியைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது தெரிந்தது. அந்தக் கார் கள்ளச்சாராயம் கடத்த ஓடிய வண்டி; பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் இருக்க அந்த வேலை. நம்மூரில் லோடு வண்டிக்குக் கூடுதல் பட்டை போடுகிற அதே புத்திதான். இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பரை வெற்றி பெற்றவராக அறிவித்தார்கள். ஒரு விளையாட்டின் முதல் தீர்ப்பே ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்தவரின் கையில் இருந்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

இப்போது ஓடுகிறவை கடைக் கார்கள் அல்ல. குழாய்ச் சட்டத்தில் கட்டி, மேலே கார் அல்லது பிக்கப் போன்ற உடம்பைப் போர்த்திய பந்தய வண்டிகள். நரேன் ஓட்டிய டிரக்கில் கிட்டத்தட்ட 5.9 லிட்டர் வி8 என்ஜின், நாலு கியர், பின்சக்கரம் இரண்டையும் பிணைக்கும் ஒரே அச்சு. உள்ளே வேகமானி கிடையாது. என்ஜின் சுழற்சி காட்டும் மானி மட்டும்தான்.

அலைன்மென்ட் கடைக்காரன் கண்ணுக்கு அந்த வண்டி ஒரு அதிசயம். முன்னால் நின்று பார்த்தால் இரண்டு முன்சக்கரமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இடச்சக்கரத்தின் தலை வெளியே, வலச்சக்கரத்தின் தலை உள்ளே. எங்கள் கடை மெஷினில் ஏற்றினால் திரை முழுக்கச் சிவப்பு எரியும். வலப்பக்கத்து டயர்களின் சுற்றளவு இடப்பக்கத்து டயர்களைவிட ஒன்றிரண்டு அங்குலம் பெரிது. பின் அச்சில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றினால் பெரியது அதிக தூரம் போகும், சிறியது குறைவாகப் போகும். வண்டி தானாகவே இடப்பக்கம் வளையும். ஈயம், டங்ஸ்டன் போன்ற எடைக்கட்டிகளை விதி அனுமதிக்கும் எல்லைவரை இடப்பக்கமாக வைப்பார்கள். காற்றும் இடப்பக்க டயர்களில் குறைவு, வலப்பக்கத்தில் அதிகம். நாலு டயரிலும் ஒரே பவுண்டு காற்று அடித்துப் பழகிய நம் பையன்கள் இதைப் பார்த்தால் ஓனரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவார்கள்.

இவ்வளவையும் பட்டறையிலேயே கணக்குப் போட்டுச் செய்துகொண்டுதான் வருவார்கள். அப்புறம் பயிற்சி எதற்கு? கணக்கு வேறு, அன்றைய தரை வேறு என்பதால்தான். காலையில் தரை குளிர்ந்திருக்கும், பிடி இருக்கும். வெயில் ஏற ஏற வழுக்கும். வண்டிகள் ஓட ஓட டயர் ரப்பர் தரையில் படிந்து ஒரு கறுப்புப் பட்டையாகும்; அதன்மேல் ஓடுவது ஒரு மாதிரி, அதைவிட்டு ஓரடி விலகி ஓடுவது வேறு மாதிரி.

பயிற்சியில் ஓட்டுநர் சில சுற்று ஓடுவார், உள்ளே வருவார், ஏதோ சொல்வார். மெக்கானிக்குகள் ஓர் ஊசியை டயரில் குத்தி உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்திலும் சூடு பார்ப்பார்கள். நடுவில் சூடு அதிகம் என்றால் காற்று அதிகம். ஒரு விளிம்பு மட்டும் கொதித்தால் கேம்பர் சரியில்லை. நாங்கள் ஆறு மாதம் தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்துச் சொல்வதை அவர்கள் ஆறு சுற்றுச் சூட்டில் படித்துவிடுகிறார்கள். ஆனால் சூடு பார்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி ஓட்டுநர் சொல்கிற அந்த 'ஏதோ'வில் இருக்கிறது.

நரேன் ஓட்டிய காலத்தில் நாஸ்கார் பந்தய நாட்களில் வண்டியில் தகவல் பதிவுக் கருவிகளை வைக்க அனுமதி கிடையாது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநர் வாயே திறக்காவிட்டாலும் சக்கரம் எங்கே வழுக்கியது, பிரேக்கை எத்தனை மீட்டர் முன்னால் மிதித்தார் என்று கம்பிவழியும் வானொலி வழியும் எண்கள் வந்து கொட்டும். இங்கே ஓட்டுநரின் இடுப்பும் முதுகும் உணர்ந்ததுதான் எண். அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். தலைமை மெக்கானிக் அதைக் கேட்டு ஸ்பேனரால் எத்தனை திருப்பு என்று முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு அவர்கள் வைத்திருப்பவை இரண்டே சொல்: டைட், லூஸ். ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கிப் போனால் டைட். முன்பக்கம் திரும்பி, பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போனால் லூஸ். இத்துடன் நின்றால் சுலபம். ஒவ்வொரு வளைவையும் மூன்றாகப் பிரிப்பார்கள்: நுழையும்போது, நடுவில், வெளியேறும்போது. 'நுழையும்போது லூஸ், நடுவில் டைட், வெளியேறும்போது மறுபடி லூஸ்' என்று ஓர் ஓட்டுநர் சொன்னால் மெக்கானிக் தலையைச் சொறிய வேண்டியதுதான். ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று கெடும்.

தீர்வுகளில் எனக்குப் பிடித்தது வெட்ஜ். பந்தயம் நடுவே நிறுத்தும்போது ஒருவர் பின்கண்ணாடியில் இருக்கும் துளை வழியே நீளமான கம்பியை விட்டுத் திருகுவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்தத் திருகாணி ஒரு பின் ஸ்பிரிங்கின் மேல்முனையை அழுத்தும் அல்லது தளர்த்தும். நாலு கால் கட்டிலில் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் என்ன ஆகும்? அந்தக் காலும் அதற்கு மூலைவிட்டமான காலும் பாரத்தைச் சுமக்கும்; மற்ற இரண்டும் லேசாகும். வெட்ஜ் செய்வதும் இதைத்தான். பின் இடச்சக்கரத்துக்கும் முன் வலச்சக்கரத்துக்கும் பாரம் கூடினால் வண்டி டைட் ஆகும். குறைந்தால் லூஸ் ஆகும். அரைத் திருப்பு, கால் திருப்பு. அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் கடையில் இந்த உரையாடல் தினமும் நடக்கிறது. போன மாதம் விமான நிலையத்துக்கும் நாகர்கோவிலுக்கும் ஓடுகிற ஒரு தம்பி வந்தார்.

"ஸ்டியரிங் நடுங்குது அண்ணாச்சி."

"எப்ப தம்பி நடுங்குது?"

"எழுபதத் தாண்டுனா நடுங்கும். தொண்ணூறுல தன்னால நின்னுரும்."

"பிரேக்கு மிதிச்சா?"

"மிதிச்சா ஒண்ணுமில்ல."

வண்டியைத் தொடாமலே விஷயம் முடிந்தது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம், பிரேக்கில் இல்லை என்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, வீல் பேலன்ஸ் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டி ஒன்றைக் காணோம். அதே நாள் மாலை பெரிய வண்டியில் வந்த ஒருவர், "என்னமோ சரியில்ல, பாருங்க" என்று சாவியை நீட்டிவிட்டு போனில் பேசப் போய்விட்டார். அந்த 'என்னமோ'வைக் கண்டுபிடிக்க நானே கரமனைப் பாலம் வரை இரண்டு முறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. நல்ல ஓட்டுநர் என்பதற்கு என் இலக்கணம் வேகம் அல்ல. தனக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். புது வகை வண்டியில், முற்றிலும் புது ஆட்களிடம், முதல் வாரமே அதைச் சொல்லி வேலை வாங்கிய நரேனின் 13-ஆம் இடத்தை நான் அப்படித்தான் எடைபோடுகிறேன்.

பயிற்சி முடிந்தால் தகுதிச் சுற்று. இது தேர்வு. பாதை காலி செய்யப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரே வண்டி. வேகம் பிடிக்க ஒரு சுற்று, அப்புறம் பச்சைக்கொடி, கடிகாரம் ஓடும் இரண்டு சுற்று. இரண்டில் எது குறைவான நேரமோ அது கணக்கு. இதுதான் சின்னப் பாதைகளின் பழைய முறை. மார்ட்டின்ஸ்வில்லில் ஒரு சுற்றுக்குச் சுமார் இருபது நொடி. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வண்டி போகும் தூரம் நாலு மீட்டர்தான், ஒரு வண்டி நீளம்கூட இல்லை. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் ஏழெட்டு வண்டிகள் அடைந்து கிடக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுக்க ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதித்தவர் இரண்டு வரிசை பின்னால் நிற்பார்.

இதற்கு வண்டியை வேறு மாதிரி தயாரிப்பார்கள். முன்னால் ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாயை டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். உள்ளே போகாத காற்று முன்பக்கத்தைத் தரையோடு அழுத்தும், பிடி கூடும். என்ஜின் கொதிக்குமே என்றால், இரண்டு சுற்றுக்குத்தானே, தாங்கும். பந்தயத்தில் இப்படி ஓட்டினால் சில சுற்றிலேயே ஆவி பறக்கும். எப்போது ஓட வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கியோ வேறு வரிசையிலோ முடிவு செய்வார்கள். அதிலும் அதிர்ஷ்டம் உண்டு. உச்சி வெயிலில் ஓடியவனுக்குத் தரை வழுக்கும்; அவனுக்கு அடுத்தவனுக்கு ஒரு மேகம் வந்து நிழல் போட்டால் நேரம் குறைந்துவிடும். யாரைக் குறை சொல்வது?

சுற்றிச் சுற்றி ஓடப்போகிறோம், எந்த இடத்தில் நின்று தொடங்கினால் என்ன என்று தோன்றலாம். நீண்ட பாதையில் அது ஓரளவு உண்மை. சின்னப் பாதையில் பின்னால் தொடங்குகிறவனை முன்னணி வண்டி சீக்கிரமே ஒரு சுற்று தாண்டிவிடும். இதைவிட முக்கியமாக நான் நினைப்பது பிட் இடம். வண்டி நிறுத்தி டயர் மாற்றும் இடத்தைத் தகுதிச் சுற்று வரிசைப்படிதான் தேர்ந்தெடுக்க விடுவார்கள். முதலிடம் பிடித்தவர் பொதுவாக வெளியேறும் வாசலுக்கு மிக அருகில் உள்ள இடத்தை எடுத்துக்கொள்வார். பந்தயம் முழுக்க அவர் பிட்டிலிருந்து வெளியே வரும்போது முன்னால் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். இருபது நொடியில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் வட்டி வரும்.

தகுதிச் சுற்றை விறுவிறுப்பாக்குகிறோம் என்று 2014-இல் நாஸ்கார் எல்லா வண்டிகளையும் ஒன்றாக இறக்கிவிட்டு மெதுவானவர்களை வடிகட்டும் முறையைக் கொண்டுவந்தது. பெரிய பாதையில் முன்னால் ஒரு வண்டி காற்றைக் கிழித்துப் போனால் பின்னால் வருபவருக்கு வேகம் கூடும். அதனால் யாரும் முதலில் போகச் சம்மதிக்கவில்லை. 'நீ போ, நீ போ' என்று நின்றார்கள். 2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஃபாண்டானாவில் இறுதிச் சுற்றுக்கு வந்த பன்னிரண்டு வண்டிகளில் ஒன்றுகூட நேரத்துக்குள் கோட்டைத் தாண்டவில்லை. டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் ஊளையிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் முட்டைப் பாதைகளுக்குப் பழையபடி ஒற்றை வண்டி முறையே திரும்பியது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. தேர்வறையில் கூட்டம் எதற்கு?

தகுதிச் சுற்றில் நாஸ்கார் கண்ட மிக அதிக வேகம் 1987-இல் டல்லடீகாவில் பில் எலியட் ஓட்டியது: மணிக்கு 212.809 மைல், அதாவது 342 கிலோமீட்டர். அடுத்து அங்கேயே பந்தயத்தில் ஒரு கார் பறந்து பார்வையாளர் வேலியில் மோதவே, என்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகட்டைக் கட்டாயமாக்கினார்கள். அந்தச் சாதனை இன்றும் அப்படியே நிற்கிறது.

பயிற்சி நாளில் நடப்பது பந்தயத்தையே தலைகீழாக்கும் என்பதற்கு நரேன் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது, அதுவும் ஒரு முட்டைப் பாதையில். 2005 அமெரிக்க கிராண்ட் ப்ரீ இண்டியானாபோலிஸில் நடந்தது. அங்கே ஃபார்முலா ஒன் வண்டிகள் பெரும்பகுதி உள்வட்டச் சாலையில் ஓடினாலும், ஒரு வளைவு மட்டும் அந்தப் பெரிய முட்டைப் பாதையின் சரிவு வளைவு. சரிவு ஒன்பது பாகைதான். ஜூன் 17 வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா அந்த வளைவில் பின் இடச்சக்கர டயர் போய்ச் சுவரில் மோதியது. சரிவில் முழு வேகத்தில் போகும்போது விழும் பாரத்தைத் தங்கள் டயர் தாங்காது என்று மிஷலின் நிறுவனம் ஒப்புக்கொண்டது. சனிக்கிழமை எல்லோரும் தகுதிச் சுற்று ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் போட்ட 14 வண்டிகளும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு வண்டிகள் மட்டும் ஓடின. பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன் அதே பாதையில் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தரையும் சரிவும் அவர்களுக்குப் பழக்கம். நரேன் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார், ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியராக. ஆறு பேரில் நாலாவது என்று கேலி பேசியவர்கள் உண்டு. டயர் வியாபாரம் செய்கிற என்னிடம் அந்தக் கேலி எடுபடாது. சரியான டயர் போட்டிருப்பதும் பந்தயத்தின் பகுதிதான்.

தகுதிச் சுற்று கருணையில்லாதது என்பதும் அவருக்குத் தெரியும். ஃபார்முலா ஒன்னில் 107 சதவீத விதி என்று ஒன்று உண்டு. முதல் கட்டத் தகுதிச் சுற்றில் மிக வேகமானவர் 100 நொடியில் சுற்றினால், 107 நொடிக்குள் சுற்றாதவருக்குப் பொதுவாகப் பந்தயத்தில் இடமில்லை. 2011, 2012 இரண்டு ஆண்டும் மெல்போர்னில் நரேன் ஓட்டிய எச்ஆர்டி அணியின் இரு வண்டிகளும் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றன. மெல்போர்ன் வரை போய், பந்தயத்தன்று வண்டியைக் கட்டி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். பயிற்சியில் வண்டி சரியாக ஓடவில்லை என்றால் தகுதிச் சுற்றில் எந்த ஓட்டுநராலும் அதை ஈடுகட்ட முடியாது.

நம் நாட்டில் கார்ப் பந்தயம் நடக்கும் முட்டைப் பாதை கிடையாது. சோழவரத்தில் ஓடியது பழைய விமான ஓடுபாதையில். இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு பக்கமும் திரும்பும் பாதை. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயின் பெயரைக் கேட்டு, அமெரிக்க ஸ்பீட்வே போல முட்டை வடிவம் என்று நினைத்துப் போகாதீர்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள, வளைந்து நெளிந்த பாதை அது. ஃபார்முலா மாருதி வண்டிகளைக் கட்டி இந்தியப் பையன்களுக்குப் பந்தயத்தைக் கைக்கெட்ட வைத்த கரிவர்தனின் பெயர் அதற்கு. 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். நரேனும் ஆரம்பத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

செட்டிப்பாளையத்தில் தேசியப் போட்டி நடக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு போய்ப் பந்தயம் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளியோ சனியோ போங்கள். கூட்டம் இருக்காது. வேலிக்கருகே நின்று, வண்டி உள்ளே வந்ததும் ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கையை ஆட்டிப் பேசத் தொடங்குவதைப் பாருங்கள். மெக்கானிக் எந்தச் சக்கரத்துக்கு முதலில் குனிகிறார் என்று கவனியுங்கள். ஓட்டுநர் என்ன சொன்னார் என்பது அதிலிருந்தே புரிந்துவிடும். அடுத்த முறை அந்த வண்டி வெளியே போகும்போது போனில் நேரம் குறித்து, முந்தைய சுற்றோடு ஒப்பிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கூட்டிப்போனால் காதில் வைக்கப் பஞ்சும் அவசியம்.